குழலுக்கு அடியில்

திருகாணி இரண்டும் கழன்றுவிட்டன. மரக்கட்டை மட்டும் துப்பாக்கிக் குழலை விடுவதாக இல்லை.

அவர் அவசரப்படவில்லை. தொண்ணூறு வருடத்து எண்ணெய் உள்ளே பிசினாக இறுகியிருக்கும். இடுக்கில் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு இரண்டு நாள் சாய்த்து வைத்திருந்தார். இன்று காலை ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டினார்.

மூன்றாவது தட்டில் விலகியது.

பாக்கியநாதன் கொண்டுவந்து கொடுத்த ரைஃபிள். வால்பாறைப் பக்கம் ஓர் எஸ்டேட் பங்களாவின் பரணில் கிடந்ததாம். இறந்துபோன முதலாளியின் பிள்ளைகள் லைசென்ஸுக்கு எழுதிப் போடப்போகிறார்களாம். துருவை எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். எந்த நாட்டுத் துப்பாக்கி, எந்த வருடம் என்று ஒரு சான்றும் எழுதித் தர வேண்டும். கோயமுத்தூரில் வேறு யாருக்கு இதெல்லாம் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

ஜெர்மன் வேட்டைத் துப்பாக்கி என்பது பார்த்தவுடனே தெரிந்தது. குழல் பாதிவரை எட்டுப்பட்டை, மீதி உருளை. டிரிக்கர் இரண்டு. அவற்றைச் சுற்றியிருந்த காப்பு இரும்பு அல்ல, எருமைக் கொம்பு. யாரோ ஒருவன் ஆசைப்பட்டுச் சொல்லிச் செய்தது.

அந்தக் கட்டைக்குத்தான் பிற்காலத்தில் எவனோ கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தான். குழலின் மேல்பக்கம் எண் இருக்க வேண்டிய இடத்தை அரம் போட்டு வழித்திருந்தான்.

அவர் குழலைத் திருப்பிப் போட்டார். துணியால் துடைத்தார்.

கட்டைக்குள் மறைந்திருந்த அடிப்பக்கத்தில் முத்திரைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஒரு கிரீடம். கிரீடத்துக்குக் கீழே ஓர் எழுத்து. சோதித்துப் பார்த்த மாதம், வருடம்: 1931.

பக்கத்தில் எண். வெளியே அடித்த அதே எண்ணை உள்ளேயும் ஒருமுறை அடித்திருக்கிறார்கள். வழித்தவனுக்கு அது தெரியாது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

4172.

அதை அவர் படிக்கவே வேண்டியதில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூண்டில் நின்று கேட்ட எண்.

முப்பத்து நான்கு வருடம் ஆகிறது. ஊட்டியில் ஒரு துப்பாக்கிக் கடை. ரிப்பேர் அவர், பதிவேடு பாக்கியநாதன். தேர்தல் நேரத்தில் ஊரார் ஒப்படைத்த துப்பாக்கிகளில் ஒன்று காணாமல் போனது. உறையோடு வாங்கி உறையோடு அடுக்கிய துப்பாக்கி. அதன் முகத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. ஆனால் பூட்டறைச் சாவி அவரிடம் இருந்தது.

பதினேழு நாள் ஜெயில். நான்கு வருடம் கேஸ். கடைசியில் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுவித்தார்கள்.

குற்றமற்றவன் என்று யாரும் சொல்லவில்லை.

அந்தப் பதினேழு நாளும் தவறாமல் பார்க்க வந்தவன் பாக்கியநாதன். ஜாமீனுக்கு ஆள் பிடித்தவன். கோயமுத்தூரில் வேலை தேடிக் கொடுத்தவன். மகள் கல்யாணத்தில் தாய்மாமன் இடத்தில் நின்றவன்.

என்ன செய்வதென்று தெரியாததால் அவர் வேலையைச் செய்தார்.

நான்கு நாள். துருவை எண்ணெய் விட்டு ஊறவைத்து எடுத்தார். பெயிண்டைச் சுரண்டினார். அடியிலிருந்து வரி வரியாக மரம் வந்தது. ஆளிவிதை எண்ணெய் பூசி நிழலில் உலர்த்தினார்.

அரம் போட்ட இடத்தை மட்டும் தொடவில்லை.

வியாழக்கிழமை பாக்கியநாதன் வந்தான்.

மேஜையில் குழல் மட்டும் தனியாக, அடிப்பக்கம் மேலே தெரியக் கிடந்தது. அருகில் அவர் எழுதி முடித்த சான்று.

காகிதத்தைப் படித்தான். குழலைப் பார்த்தான். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

அவனாகவே சொல்லிக்கொண்டு போனான். எஸ்டேட்டும் இல்லை, பங்களாவும் இல்லை. வாங்குகிறேன் என்றவன் அன்றைக்கு வரவில்லை. எடுத்ததைத் திருப்பி வைப்பதற்குள் போலீஸ் வந்துவிட்டது. இப்போது வீட்டை விற்றுவிட்டு மகனோடு ஓசூருக்குப் போகிறான். பரணைக் காலி செய்ய வேண்டும். அவருக்கே அடையாளம் தெரியவில்லை என்றால் வேறு எவனுக்கும் தெரியாது, தைரியமாக விற்றுவிடலாம் என்று நினைத்தானாம்.

குழலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நீ வெளிய வந்த அன்னிக்கே சொல்லிடணும்னுதான் இருந்தேன். ஜெயில் வாசல்லயே என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதே. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

சான்றின் நகல் காலையிலேயே ஸ்டேஷனுக்குப் போய்விட்டது என்று அவர் சொன்னார்.

பாக்கியநாதன் தலையாட்டினான். செருப்பை மாட்டிக்கொண்டான். போகும்போது கேட்டைச் சத்தம் வராமல் சாத்தினான்.

அவர் உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். நாகமணி ஈரக் கையோடு வந்தாள். அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார். எண் தெரியும்படி மேஜை விளக்கைச் சாய்த்துப் பிடித்தார்.

அவள் விரல் வைத்து ஒவ்வோர் இலக்கமாகப் படித்தாள்.

திட்டப் போகிறாள் என்று காத்திருந்தார். அண்ணா, அண்ணா என்று எத்தனை வருடம் அவனுக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

அவள் திட்டவில்லை.

நீளமாக ஒரு மூச்சு விட்டாள். தோள்கள் தளர்ந்தன. முகம் இளகியது. கல்யாணமான புதிதில் அவர் பார்த்திருந்த முகம்.

"அப்ப நெசமாலுமே நீங்க எடுக்கலைங்க," என்றாள்.