மூன்றாவது வளைவு

"எத்தனை தடவைங்க சொல்றது? நேத்தே சொன்னேனே! அந்த இடது பக்கம் மொத்தத்தையும் எடுத்துக்குங்க!"

கல்லூரி முதல்வர் போனில் கான்ட்ராக்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வாய் பேசும்போது அவருக்குக் கை சும்மா இருக்காது. இடது கை நீண்ட திசையில் உட்கார்ந்திருந்த டைப்பிஸ்ட் அம்மா, தன்னைத்தான் சொல்கிறார் என்று பயந்து நாற்காலியோடு நகர்ந்துகொண்டார்.

ஓட்டப் பயிற்சியாளர் ஒரு கோப்பையைக் கட்டிப்பிடித்தபடி வாசலில் நின்றார். எதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் என்று அவருக்குத் தெரியும். மைதானத்தை. அது கார் நிறுத்துமிடம் ஆகப்போகிறது. ஓட்ட அணியைக் கலைக்கும் உத்தரவு கையெழுத்துக்காக மேஜைமேல் தயாராகக் கிடந்தது. அதற்கப்புறம் பயிற்சியாளருக்கு விடுதியில் வருகைப் பதிவு எடுக்கிற வேலை. பதினோரு வருடமாக ஊதிய விசிலைக் கழற்றி வைக்க வேண்டும் என்று நினைத்தாலே அவருக்கு அழுகை வந்தது.

முதல்வர் போனை வைத்தார். "வாங்க மாஸ்டர். என்ன அது, சொம்பா?"

"கோப்பை சார். நேத்து காடு மேடெல்லாம் ஓடின கிராஸ் கன்ட்ரி சாம்பியன்ஷிப்ல நாமதான் ஃபர்ஸ்ட்."

"கடைசியிலேர்ந்தா?"

"முன்னாடியிலேர்ந்துதான் சார். ஆறு காலேஜ், காலேஜுக்கு ஏழு பேர். அதுல முதல்ல வர்ற அஞ்சு பேரோட இடத்தைக் கூட்டுவாங்க. நமக்குப் பதினஞ்சு."

"பதினஞ்சு மார்க்குக்குக் கோப்பை வேறயா? வெளங்கிடும்."

"இதுல கம்மியா வாங்கினாத்தான் சார் ஜெயிப்பு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. கூட்டிப் பாருங்க. இதுக்குக் கீழ எவனாலயும் போக முடியாது."

முதல்வர் கூட்டிப் பார்த்தார். சரியாகத்தான் வந்தது. ஆனாலும் நம்ப முடியவில்லை. கல்லூரியே 'ஆமைப்படை' என்று கூப்பிடுகிற அணி அது. மூன்று வருடமாகக் கடைசி இடத்தை வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

"என் காதுல பூ சுத்தாதீங்க மாஸ்டர். நேத்து நானும் அங்கதானே இருந்தேன்? எல்லாரும் போய் ரொம்ப நேரம் கழிச்சு நம்ம ஆளுங்க வந்தாங்க. ஒருத்தன் நடந்தே வந்தான். இன்னொருத்தன் நின்னு எனக்கு வணக்கம் வேற வெச்சான்! வெறுத்துப்போய் அப்பவே கிளம்பிட்டேன்."

"மரியாதை தெரிஞ்ச பையன் சார்."

"மழுப்பாதீங்க. குறுக்கு வழியில ஓட விட்டீங்களா?"

"சத்தியமா இல்ல சார். நம்ம பசங்க ஒழுங்கான வழியிலதான் ஓடினாங்க. மத்தவங்கதான்…" பயிற்சியாளர் கோப்பையை இன்னும் இறுக்கிக்கொண்டார். "மூணாவது வளைவுல வலது பக்கம் போகாம இடது பக்கம் திரும்பிட்டாங்க. முதல் ஆள் திரும்பினான், பின்னாடியே மொத்தக் கூட்டமும் போயிடுச்சு. ரெண்டு கிலோமீட்டர் போய் ஒரு பூட்டின கேட்டுல முட்டிக்கிட்டுத்தான் திரும்பினாங்க."

"நம்ம பசங்க மட்டும் ஏன் போகல?"

"முன்னாடி போனவங்க கண்ணுக்கே தெரியல சார். அவ்வளவு பின்னால வந்தாங்க."

"வளைவுல வழி காட்ட ஆள் கிடையாதா?"

"இருந்தார் சார். காலேஜுக்கு ஒருத்தர் கொடியோட ஆளுக்கொரு வளைவுல நிக்கணும்னு விதி. அவர் கை காட்டின பக்கம்தான் போனாங்க. நம்ம பசங்க வர்றதுக்குள்ள அவர் கையை இறக்கிட்டார்."

முதல்வர் முகத்தில் விளக்கு எரிந்தது. கோப்பை இல்லையென்றால் அணி இல்லை. அணி இல்லையென்றால் மைதானம் எதற்கு?

"அப்ப இந்தக் கோப்பை செல்லாது! அம்மா, போட்டிக் குழுவுக்கு ஒரு லெட்டர் அடிங்க. கோப்பையைத் திருப்பி அனுப்பறோம். மூணாவது வளைவுல நின்ன மடையன் எந்தக் காலேஜ் ஆளா இருந்தாலும் சரி, விசாரணை வெச்சு வேலையை விட்டே தூக்கணும். அந்த 'மடையன்' அப்படியே இருக்கட்டும்."

டைப்பிஸ்ட் அம்மா தடதடவென்று தட்டிவிட்டு நிமிர்ந்தார். "பேரு என்னன்னு போடறது சார்?"

"மாஸ்டர், பேரைச் சொல்லுங்க."

பயிற்சியாளர் கோப்பையை மெல்ல மேஜைமேல், அந்த உத்தரவுக்கு மேலேயே வைத்தார்.

"பேரு வேண்டாம் சார். ஞாயித்துக்கிழமைன்னு நம்ம காலேஜ்லேர்ந்து கொடி பிடிக்க ஒருத்தரும் வரல. அதான் உங்களை நிழலா ஒரு இடத்துல நிக்க வெச்சு, முதல்வருக்கு மரியாதைன்னு சொல்லி ஒரு கொடியைக் குடுத்தேன். நீங்க ஒரு கையில போன், ஒரு கையில கொடி… 'இடது பக்கம் மொத்தத்தையும் எடுத்துக்குங்க'ன்னு கான்ட்ராக்டர்கிட்ட கையை நீட்டி நீட்டிச் சொன்னீங்க சார். முப்பத்தஞ்சு பேரும் எடுத்துக்கிட்டாங்க."

முதல்வர் கோப்பைக்கு அடியிலிருந்து உத்தரவை உருவி நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு, இரண்டு கையையும் மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.