தயவுசெய்து குல்லா அணியவும்

ஆறு மணிக்கு நெடுமாறன் எழுந்தான். குன்னூர்க் குளிருக்கு ஹீட்டரைப் போட்டான். மாமனாரின் பிளாஸ்கில் வெந்நீர் ஊற்றினான். வயதானவர்களுக்கு வேளாவேளைக்கு நினைவூட்டுவதற்காகச் சுவரில் மாட்டியிருந்த பராமரிப்புப் பெட்டியில் அன்றைய வாக்கியங்களைத் தட்டினான். பெட்டி அவற்றைச் சுகந்தியின் குரலில் பேசும். அவன் மனைவி சுகந்தி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

“அப்பா, தயவுசெய்து குல்லா அணிந்துகொள்ளுங்கள்,” என்றது பெட்டி.

மாமனார் வெறுந்தலையோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார். போன மாதம்தான் நிமோனியாவிலிருந்து பிழைத்து வந்தவர்.

“ஏன் மாப்ளே, என் பொண்ணு என்னிக்குத் தயவுசெய்துன்னு சொன்னா? தாசில்தார் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கு.”

“நான் எம்.ஏ. தமிழ், மாமா. எனக்கு அப்படித்தான் வருது.”

“அவ பேசின மாதிரி பேசச் சொல்லு. இல்லேன்னா குல்லா கிடையாது.”

சொல்லிவிட்டு இருமினார். நெஞ்சு விசிலடித்தது.

ஐந்து வருஷம் குடும்பம் நடத்தியும் மனைவியின் பேச்சில் ஒரு வரி எழுதத் தெரியாத முதுகலைப் பட்டதாரி அவன். எட்டு மாதமாக அவளை அறிக்கை வாசிக்க வைத்திருக்கிறான். சொல்லுக்குச் சொல் நினைவிருந்தது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கடைசியாகச் சொன்னது மட்டும்தான். வேறு வழியில்லாமல் அதையே தட்டினான்.

பெட்டி பேசி முடிப்பதற்குள் மாமனார் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“அப்பாவை அதட்டினாத்தான் குல்லா போடுவார். உனக்கு அதட்ட வராது மாறா, என்னைக் கூப்பிடு.”