முதுகு திறந்த ஹெட்போன்

நேற்று என் ஹெட்போனிலிருந்து கசிந்த நாதஸ்வரத்தைக் கேட்டு எங்கள் வீட்டுக் குக்கர் விசிலை விழுங்கிக்கொண்டு வாயடைத்து நின்றது. முதுகு திறந்த ஹெட்போன், அதாவது காதுமூடியின் வெளிப்பக்கம் சல்லடையாக இருந்து சத்தம் உள்ளேயும் வெளியேயும் போய்வரும் ரகம், நண்பர் தணிகாசலம் இரவல் தந்தது. நானும் இப்படியொன்று வாங்குவதா வேண்டாமா என்று மண்டை காய்கிறது. மூடியதைப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் மனைவி கோமளம் கூப்பிடுவது கேட்காது. போன மாதம் அவள் பால்கனியில் சிக்கிக்கொண்டு கதவைத் தட்டியதுகூடக் கேட்கவில்லை. திறந்ததைப் போட்டாலோ என் பாட்டெல்லாம் அவள் காதுக்கும் போகிறது. “வீடா சந்தைக்கடையா, திருப்பிக் குடுத்துடுங்க” என்று தினமும் திட்டு. குக்கர் கதையைச் சொன்னேன்.

“அளக்காதீங்க.”

“நின்னுதா இல்லையா, சொல்லு.”

கீரையை ஆய்ந்தபடி முணுமுணுத்தாள்: “நின்னது நிஜந்தான். நாதஸ்வரம் சரியா காதுல விழலன்னு நான்தான் அடுப்ப அணைச்சேன்.”