முன்னிலை ஒருமை

எந்தப் பக்கமும் அச்சுக்குப் போகும் முன் கணினியில் பிழை திருத்தும் மெய்ப்புக் கருவி அதைப் பார்த்தாக வேண்டும். இறந்தவர்களைப் பற்றி எழுதினால், இறப்புப் பதிவேட்டில் உள்ள பாலினத்துக்கு ஏற்ப வினைச்சொல்லை அதுவே மாற்றிவிடும்.

ரோஸ்லின் ஆஸ்பத்திரியில் இறந்தாள். இருபது வருடம் எட்டிப் பார்க்காத அண்ணன் வந்து, படிவத்தில் 'ஆண்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். அவளோடு சேர்ந்து திருநங்கைகளுக்கான பத்திரிகையை நடத்திவந்த இன்பரசி, அஞ்சலிக் குறிப்பில் 'எழுதினாள்' என்று அடித்தாள். திரையில் அது 'எழுதினான்' ஆனது. மறுபடி அடித்தாள். மறுபடியும் 'எழுதினான்'.

பக்கம் வடிவமைக்கும் பிரான்சிஸ் எட்டிப் பார்த்தார். "பேசாம 'எழுதினார்'னு போட்டுடுங்கக்கா. கருவி அதைக் கண்டுக்காது."

"வாய்க்கு வாய் என்னை 'வாடி, போடி'ன்னவ அவ. அவளுக்குப் போய் நான் 'ர்' போடணுமா? செத்தும் சண்டைக்கு வருவா."

இன்பரசி எழுதியதையெல்லாம் அழித்தாள். பிறகு புதிதாகத் தொடங்கினாள்: 'ரோஸ்லின், நம் முதல் இதழின் தலையங்கத்தை நீதான் எழுதினாய்.'

கருவி 'எழுதினாய்' மேல் கொஞ்ச நேரம் நின்றது. 'நீ'யில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. திருத்த ஒன்றும் கிடைக்காமல் நகர்ந்தது.

மூன்று பத்திகள் எழுதி முடித்து அனுப்பினாள். 'பிழை இல்லை' என்று பச்சையில் வந்தது. பிரான்சிஸ் கடைசி வரியைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

'போயிட்டு வாடி.'