கஷாயத்துக்கு எதிராக ஓர் ஆய்வு

“நூறு வருஷமா இந்த ஆஸ்பத்திரி வேரையும் பட்டையையும் அவிச்சுக் கொடுத்து ஹாங்காங் ஏழைங்களை ஏமாத்தியிருக்கு, லாய் அக்கா. நாளைக்குப் பேராசிரியர்கள் முன்னாடி அதை வாதாடி ஜெயிச்சாதான் எனக்குப் பட்டம்.”

அந்த ஆஸ்பத்திரியில் மூலிகை நிறுத்துக்கொண்டிருந்த லாய் அக்கா தராசிலிருந்து கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தாள். “வெள்ளைக்காரன் ஊசி அடுத்த வாசல்லயே இருந்துச்சே. ஏன் இங்க வந்தாங்க?”

“படிக்காத கூலிக்காரங்க. அறியாமை.”

“நீ?”

“எங்க வம்சத்துலயே முதல் பட்டதாரி ஆகப்போறவ.”

“சரிம்மா, வாயைத் திற.” தொண்டையைப் பார்த்தாள். “கத்திக் கத்தி ஒத்திகை பார்த்தியா? உடம்புல சூடு ஏறிடுச்சு. இந்தக் கஷாயத்தை மூணு வேளை குடி, காலையில குரல் வந்துடும். எங்களைத் திட்டணுமில்ல.”

இவ்வளவு நேரம் எழுதிக் காட்டி வாதாடிய நோட்டை மூடிவிட்டு, கிண்ணத்தை இரு கையாலும் வாங்கிக் குடித்தேன்.

மறுபடி நோட்டைத் திறந்து எழுதினேன்: “இன்னொரு கிண்ணம்.”