தைத்துக் கொடுத்த கடிதங்கள்

நோட்டுப்புத்தகம் தைக்கப் பழகிக்கொண்டிருந்த பூரணி, மாலை வேளைகளில் தாள்மடிப்புகளைச் சுத்தியலால் தட்டிச் சமப்படுத்துவாள். மறுநாள் காலையில் கீழ்வீட்டுக் கோதண்டத்தின் கடிதம் அவள் கதவிடுக்கில் கிடக்கும். மணிமணியான கையெழுத்து. சத்தத்தில் தொடங்கி அவளுடைய நடை, உடை, வளர்ப்பு வரைக்கும் திட்டிவிட்டு, கீழே தேதியும் கையொப்பமும் போட்டிருப்பார்.

எட்டு மாதத்தில் அவளுக்குக் கை படிந்துவிட்டது. அந்தக் கடிதங்களையே அடுக்கித் துளையிட்டு, மெழுகு தேய்த்த நூலால் தைத்து, சிவப்புத் துணி அட்டை போட்டாள். குடியிருப்போர் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் அவரிடம் நீட்டினாள்.

"நீங்க எழுதின புத்தகம் சார். எல்லாரும் படிக்கட்டும்னுதான் கொண்டு வந்தேன்."

சிலர் சிரித்தார்கள். கோதண்டம் அவசரப்படாமல் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் கடைசி வரை போனார்.

"தையல் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு குறையுதேம்மா. ஆடிப்பெருக்கு அன்னிக்கு எழுதினது."

 பூரணியின் கணவன் ஏன் அவளை விட்டுப் போனான் என்று அவர் காரணம் எழுதியிருந்த கடிதம் அது. படித்த அன்றே கிழித்துப் போட்டிருந்தாள்.

"பரவால்ல, எனக்கு மனப்பாடம்," என்று கோதண்டம் பேனாவைத் திறந்தார். கடைசியில் காலியாக இருந்த தாளில் தேதியைப் போட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்க வசதியாகப் புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதத் தொடங்கினார்.