அழாத பிள்ளைகள்

தலைமையாசிரியை பிலோமினாவுக்கு அறுபத்துமூன்று வயதாகியும் தூத்துக்குடிப் பள்ளியிலிருந்து ஓய்வு கிடைக்கவில்லை. ஓய்வு அறிவிப்பைக் கேட்டு மாணவர்கள் கையில் கட்டியிருக்கும், மனநிலையை நிறத்தில் காட்டும் பட்டைகள் துக்கத்தில் சிவந்தால் தலைமையாசிரியர் போகக்கூடாது என்பது சட்டம். சாப்பிடாமல் வந்த பிள்ளையை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பவர் அவர். இதற்கு முன் ஓய்வை அறிவித்த இரண்டு முறையும் பட்டைகள் சிவந்துவிட்டன.

கோவையில் அவர் மகள் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். இந்த முறை பிள்ளைகளிடமே சொன்னார்.

"என் மக என்னத் தேடுதா. நீங்க வருத்தப்படாம இருந்தாத்தான் என்ன விடுவாங்க."

எட்டாம் வகுப்பு அபிஷா எழுந்தாள். "நாங்க அழமாட்டோம் டீச்சர். நீங்க போங்க."

மறுநாள் அதிகாரி வந்து ஓய்வை அறிவித்தபோது, பிள்ளைகள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு கண்ணிலும் நீர் இல்லை. ஆனால் எல்லாப் பட்டைகளும் சிவந்திருந்தன.

அதிகாரி பூரித்துப்போய்ப் பொன்னாடை போர்த்தினார். "இவ்வளவு பாசம் யாருக்கும்மா கிடைக்கும்? இன்னும் ரெண்டு வருஷம் நீங்கதான்."

அபிஷா ஓடிவந்து பிலோமினாவின் கையைப் பிடித்தாள். "நாங்க அழவே இல்லையே டீச்சர். பாத்தீங்கல்ல?"

"பாத்தேன் மக்களே."

அவளைத் தேற்றி வகுப்புக்கு அனுப்பினார். பிறகு, பொன்னாடையோடு அப்படியே கோவையிலிருக்கும் மகளை அழைக்கப் போனை எடுத்தார்.